சென்சரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஜொகூர் மாநிலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பிழைப்பு பெரும்பாலும் வாகனத்தை நம்பியே ஓடுகிறது. கூலாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் விடியும் முன்பே புறப்பட்டு, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கும் செனாய் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்களும் அப்படித்தான். கார் ஒரு நாள் பட்டறையில் நின்றால் அன்றைய சம்பளமே கேள்விக்குறியாகும். அந்தக் காரை மூன்று முறை பட்டறைக்குக் கொண்டுபோய், மூன்று பாகங்களை மாற்றி, அப்போதும் கோளாறு தீரவில்லை என்றால் அந்த மாதத்து வீட்டுச் செலவே தடுமாறிப் போகும்.

இப்படிப் பலரையும் அலைக்கழிக்கும் கோளாறுகளில் ஒன்று 'திராட்டல் பொசிஷன் சென்சர்' கோளாறு. பட்டறைகளில் இதைச் சுருக்கமாக டி.பி.எஸ். என்பார்கள். தீப்பெட்டி அளவே இருக்கும் இந்தச் சிறு பாகம் பழுதானால் காரின் குணமே மாறிவிடுகிறது. அதே வேளையில், இது பழுதாகாமலேயே பழி சுமந்து குப்பைத் தொட்டிக்குப் போவதும் உண்டு. எது உண்மையான பழுது, எது வீண்பழி என்பதைப் பிரித்தறிவது எப்படி? வாகனமோட்டிகள் ஓரளவாவது தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

இந்தச் சென்சர் செய்யும் வேலை என்ன?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் இயந்திரத்துக்குள் நேரடியாகப் பெட்ரோல் பாய்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த மிதி திறப்பது காற்றுக்கான வழியை. இயந்திரத்தின் வாயிலில் வட்டமான ஒரு தகடு இருக்கிறது. அதுதான் திராட்டல் தகடு. மிதியை அழுத்த அழுத்த அந்தத் தகடு திரும்பி, அதிகக் காற்றை உள்ளே விடுகிறது. உள்ளே வந்த காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீய்ச்ச வைப்பது காரில் இருக்கும் கணினிப் பெட்டியின் வேலை.

1985-ல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-ல் வெளிவந்த பெரோடுவா கஞ்சிலிலும் இருந்தது கார்புரேட்டர். அதில் காற்றும் பெட்ரோலும் கலப்பதற்குக் கணினி தேவைப்படவில்லை. அடுத்து வந்த கார்களில் எலக்ட்ரானிக் முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் ஏற்பாடு வந்தது. 2005-ல் அறிமுகமான மைவி இந்த முறையில் இயங்கும் கார்தான். இத்தகைய கார்களில், ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தியிருக்கிறார், எவ்வளவு வேகமாக அழுத்துகிறார் என்பதைக் கணினிக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டி.பி.எஸ்.

இதன் அமைப்பு, பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்றது. உள்ளே கரிமப் பூச்சு பூசிய ஒரு தடம் இருக்கும். அதன் மீது சிறிய உலோகக் கை ஒன்று உராய்ந்தபடி நகரும். திராட்டல் தகட்டின் அச்சோடு இந்தக் கை இணைந்திருப்பதால், தகடு திரும்பும்போது கையும் நகர்கிறது. சென்சருக்கு வரும் முக்கியமான கம்பிகள் மூன்று. ஒன்றில் கணினி 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்புகிறது. இன்னொன்று தரைக் கம்பி, அதாவது 'எர்த்'. மூன்றாவது கம்பி வழியாகத் தகவல் திரும்பிப் போகிறது. பெரும்பாலான கார்களில், தகடு மூடியிருக்கும்போது இந்தத் தகவல் கம்பியில் 0.5 வோல்ட் அளவிலும், முழுதாகத் திறந்திருக்கும்போது 4.5 வோல்ட் அளவிலும் மின்னழுத்தம் இருக்கும். துல்லியமான எண் வண்டிக்கு வண்டி சற்று மாறுபடும். ஆனால் கீழிருந்து மேலே போகும்போது எங்கும் தடுக்காமல் சீராக ஏற வேண்டும் என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான விதி.

பாலத்து நெரிசலும் சென்சரின் தேய்மானமும்

1924-ல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம்தான். காலையிலும் மாலையிலும் அதைக் கடக்க ஆகும் நேரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1998-ல் இரண்டாவது இணைப்புப் பாலம் வந்த பிறகும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. இந்த நெரிசலில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பதே இல்லை. சற்றே தொடுவதும் விடுவதுமாக ஒரு மணி நேரம் கழிகிறது.

இதைச் சென்சரின் பக்கமிருந்து பார்த்தால் விளைவு புரியும். உள்ளே இருக்கும் உலோகக் கை, தடத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் உராய்கிறது. மற்ற பகுதியெல்லாம் புதிதாகவே இருக்க, தொடக்கப் பகுதியில் மட்டும் கரிமப் பூச்சு தேய்ந்து போகிறது. தேய்ந்த இடத்தைக் கை கடக்கும்போது தகவல் ஒரு நொடியின் சிறு பங்குக்கு அறுந்து மீண்டும் வருகிறது. கணினிக்கோ, ஓட்டுநர் திடீரென்று மிதியை விட்டுவிட்டு மறுபடியும் மிதித்தது போலத் தோன்றுகிறது. பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்து, மீண்டும் கூட்டுகிறது. ஓட்டுநருக்கு அது ஓர் உதறலாகத் தெரிகிறது.

இன்னொரு காரணம் தண்ணீர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் உள்ளிட்ட பகுதிகளை மூழ்கடித்த வெள்ளத்தை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச் மாதத்திலும் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. வெள்ளத்தில் நின்ற கார்களில் கம்பி இணைப்புகளுக்குள் ஈரம் புகுந்து, பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கிறது. காரைக் கழுவித் துடைத்து விற்றுவிடலாம். இணைப்புக்குள் பிடித்த களிம்பு மாதக்கணக்கில் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

அறிகுறிகள் என்னென்ன?

டி.பி.எஸ். பழுதானால் வழக்கமாகத் தென்படும் அறிகுறிகள் இவை: மிதித்த உடனே கார் பாயாமல் ஒரு கணம் தயங்கும். ஒரே வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து யாரோ இழுத்து விடுவது போல உதறும். நின்ற இடத்தில் இயந்திரத்தின் ஓட்டம் ஏறி இறங்கும், அல்லது மிதியை விட்டவுடன் இயந்திரம் அணைந்து போகும். ஆட்டோ கியர் வண்டியில் கியர் தாமதமாகவோ முரட்டுத்தனமாகவோ மாறும். பல வண்டிகளில் கியர்ப்பெட்டியும் இந்தச் சென்சரின் தகவலைக் கேட்டே கியரை மாற்றுகிறது என்பதே இதற்குக் காரணம். பெட்ரோல் செலவும் கூடும். மீட்டர் பலகையில் 'செக் இன்ஜின்' விளக்கு எரியலாம். எரியாமலும் இருக்கலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேலே சொன்ன அறிகுறிகளில் பெரும்பாலானவை வேறு பல கோளாறுகளுக்கும் பொருந்தும். திராட்டல் தகட்டில் கரி படிந்தாலும் இயந்திரம் நின்ற இடத்தில் தள்ளாடும். ஐடில் வால்வு அடைத்துக்கொண்டாலும் அதே கதைதான். காற்றுக் குழாயில் வெடிப்பு, தேய்ந்த ஸ்பார்க் பிளக், பலவீனமான காயில், களைத்துப்போன பெட்ரோல் பம்ப் ஆகிய ஒவ்வொன்றும் தயக்கத்தையோ உதறலையோ உண்டாக்கக் கூடியவை. ஆகவே ஓட்டிப் பார்த்த மாத்திரத்தில் "டி.பி.எஸ். போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால், அது ஊகம் மட்டுமே. ஊகம் சரியாக இருக்கலாம். தவறாக இருந்தால் அதற்கான பணம் வாடிக்கையாளரின் பையிலிருந்து போகிறது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

இப்போது பெரும்பாலான பட்டறைகளில் ஸ்கேனர் கருவி இருக்கிறது. காரில் பொருத்தினால் பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. டி.பி.எஸ். தொடர்பான பொதுக் குறியீடுகள் பி 0120 முதல் பி 0124 வரை. இவற்றில் பி 0121 என்றால் தகவல் எதிர்பார்த்த அளவோடு பொருந்தவில்லை. பி 0122 என்றால் மின்னழுத்தம் மிகக் குறைவு. பி 0123 என்றால் மிக அதிகம். பி 0124 என்றால் தகவல் விட்டு விட்டு வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்தக் குறியீடுகள் சென்சர் இருக்கும் மின்சுற்றைப் பற்றிப் பேசுகின்றன. அந்தச் சுற்றில் சென்சரும் உண்டு, மூன்று கம்பிகளும் உண்டு, இணைப்பும் உண்டு, கணினிப் பெட்டியும் உண்டு. எங்கே பழுது என்பதைக் குறியீடு சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, தரைக் கம்பி அறுந்துவிட்டால், தகவல் கம்பியில் கிட்டத்தட்ட முழு 5 வோல்ட்டும் வந்து நிற்கும். கணினி உடனே பி 0123 என்று எழுதி வைக்கும். குறியீட்டை மட்டும் நம்பிச் சென்சரை மாற்றினால், புதிய சென்சரிலும் அதே 5 வோல்ட்தான் வரும்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கார் பழுது பார்ப்பதற்கும் இது அப்படியே பொருந்தும். ஸ்கேனர் திரையில் கண்ட எண் விசாரணையின் தொடக்கம். தீர விசாரிப்பதற்கு வேண்டிய கருவி, சில பத்து வெள்ளிக்குக் கடைகளில் கிடைக்கும் மல்டிமீட்டர்.

படிப்படியாகச் சோதிக்கும் முறை

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டு, சென்சரின் இணைப்பைக் கழற்றி உள்ளே பார்த்தால் களிம்பு, ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, வளைந்த முள் ஆகியவை தெரியவரும். இயந்திரச் சூட்டில் காய்ந்து வெடித்த கம்பி உறை இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றித் தகட்டில் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை. கரி இருந்தால் அதற்கென்று விற்கும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. தகட்டின் மீது தாராளமாகத் தெளித்தால், திரவம் அச்சின் வழியாகச் சென்சருக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடக் கூடும்.

இரண்டாவது, ஸ்கேனரில் நேரடித் தகவலைப் பார்ப்பது. சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, இயந்திரத்தை இயக்காமல், மிதியை மிக மெதுவாக அழுத்தி மெதுவாக விட வேண்டும். திரையில் தெரியும் எண் அல்லது கோடு சீராக ஏறி, சீராக இறங்க வேண்டும். தகடு மூடியிருக்கும்போது சில வண்டிகளில் 0 விழுக்காடு காட்டும். வேறு சிலவற்றில் 10 விழுக்காட்டுக்கு மேலும் காட்டும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அந்த எண் ஆடாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. பழைய வண்டிகள் சிலவற்றில் பொதுவான ஸ்கேனர் வேலை செய்யாது. அப்போது மல்டிமீட்டர்தான் துணை.

மூன்றாவது, 5 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, இணைப்பைக் கழற்றிய நிலையில், சாவி 'ஆன்' நிலையில் இருக்க, 5 வோல்ட் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் இடையே அளக்க வேண்டும். எது எந்தக் கம்பி என்பதை அந்தக் காருக்குரிய வரைபடம் சொல்லும். 5 வோல்ட் வரவில்லை என்றால் சென்சர் மீது பழி போட இன்னும் நேரம் வரவில்லை. பல கார்களில் இதே 5 வோல்ட் மற்றச் சென்சர்களுக்கும் போகிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் 'ஷார்ட்' ஆகியிருந்தால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். மற்றச் சென்சர்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி என்று கண்டுபிடிக்கலாம்.

நான்காவது, தரைக் கம்பியைச் சோதிப்பது. பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. இணைப்பை மீண்டும் மாட்டிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையைச் சென்சரின் தரைக் கம்பியிலும் வைத்து அளந்தால், 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கம்பியைக் குத்தி ஓட்டை போட்டு அளக்கக் கூடாது. அந்த ஓட்டை வழியாகவே நாளை ஈரம் புகும். இணைப்பின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளப்பதே முறை.

ஐந்தாவது, தகவல் கம்பியை அளப்பது. மிதியை மெதுவாக அழுத்தும்போது மின்னழுத்தம் 0.5 அளவிலிருந்து 4.5 அளவுக்குத் தடையின்றி ஏற வேண்டும். எண்களைக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒரு கண நேரத் துண்டிப்பைப் பிடிக்காமல் விட்டுவிடலாம். முள் அசையும் பழைய மீட்டர் இதற்குச் சிறந்தது. துண்டிப்பு வரும் இடத்தில் முள் சட்டென்று துள்ளும். வசதியுள்ள பட்டறைகளில் ஆசிலோஸ்கோப் திரையில் கோட்டையே பார்த்துவிடலாம். அளக்கும்போதே கம்பியை மெல்ல ஆட்டிப் பார்ப்பதும், சென்சரை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் இலேசாகத் தட்டிப் பார்ப்பதும் மறைந்திருக்கும் பழுதை வெளிக்கொண்டு வரும்.

5 வோல்ட் சரி, தரை சரி, கம்பிகள் சரி, தகவல் மட்டும் துள்ளுகிறது அல்லது அறுகிறது என்றால், அப்போது சென்சரே பழுது என்று உறுதியாகச் சொல்லலாம். இத்தனையும் செய்ய, கைதேர்ந்த மெக்கானிக் ஒருவருக்கு அதிக நேரம் பிடிக்காது.

ஓர் எடுத்துக்காட்டு

இந்த வரிசையின் பயனை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்க்கலாம். ஒரு கார் நின்ற இடத்தில் தேவைக்கு அதிகமான வேகத்தில் ஓடுகிறது. தகடு மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.9 வோல்ட் காட்டுகிறது. மிதி சற்றே அழுத்தப்பட்டிருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்கிறது. சென்சர் மாற்றப்படுகிறது. அப்போதும் 0.9. ஐடில் வால்வு மாற்றப்படுகிறது. அப்போதும் தீரவில்லை. கணினிப் பெட்டியை மாற்றலாமா என்ற பேச்சு எழுகிறது.

இந்த நேரத்தில் யாரோ ஒருவர் தரைக் கம்பியை அளக்கிறார். 0.1-க்குள் இருக்க வேண்டியது 0.45 வோல்ட் காட்டுகிறது. தரைக் கம்பியின் முனையில் களிம்பு பிடித்திருக்கிறது. அங்கே மின்சாரத்துக்கு ஏற்பட்ட தடை, சென்சர் காட்டும் எல்லா அளவையும் மேலே தூக்கிவிட்டிருக்கிறது. முனையைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் மீட்டர் 0.5 காட்டுகிறது. செலவு ஒரு துண்டு மணல்தாள். முதலில் செய்திருக்க வேண்டிய சோதனையைக் கடைசியில் செய்ததால், நடுவில் இரண்டு பாகங்களின் விலையும் சில நாள் சம்பளமும் வீணாகிவிட்டன.

இதே கணக்கு தலைகீழாகவும் நடக்கலாம். தேய்ந்த சென்சரைக் கண்டுகொள்ளாமல் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று மாற்றிக்கொண்டே போவதும் உண்டு. சூடு ஏறிய பிறகு மட்டும் தலைகாட்டும் பழுது இந்த வகையில் ஏமாற்றும். காலையில் குளிர்ந்த வண்டியைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். நெரிசலில் ஓடி வந்த சூட்டோடு சோதித்தால்தான் முள் துள்ளும். எனவே, கோளாறு எப்போது வருகிறது, வண்டி சூடான பிறகா, மழைக்குப் பிறகா, எந்த வேகத்தில் என்பதை ஓட்டுநர் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் சொல்வது பாதி வேலையை முடித்துவிடும்.

புதிய கார்களில் நிலைமை வேறு

முன்பு மிதிக்கும் திராட்டல் தகட்டுக்கும் இடையே ஓர் இரும்புக் கேபிள் இருந்தது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் அது இல்லை. மிதியில் ஒரு சென்சர், தகட்டைத் திருப்ப ஒரு மின்மோட்டார், இடையில் கணினி என்று ஆகிவிட்டது. இத்தகைய கார்களில் பாதுகாப்புக்காகத் தகட்டில் இரண்டு சென்சர்கள் இருக்கும். மிதியிலும் அப்படியே. இரண்டும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று கணினி இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் பி 2135 போன்ற குறியீட்டைப் பதிந்து, காரின் வேகத்தை வெகுவாகக் கட்டுப்படுத்திவிடும். 'லிம்ப் மோடு' என்று இதைச் சொல்வார்கள்.

இந்த இரட்டைக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் ஒரு முறை பெரிய அளவில் விவாதித்தது. 2009, 2010 ஆண்டுகளில், தானாக வேகமெடுப்பதாக எழுந்த புகார்களையொட்டி டொயோட்டா நிறுவனம் பல லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. எலக்ட்ரானிக் கோளாறுதான் காரணமா என்று கண்டறிய அமெரிக்க அரசு, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியியலாளர்களின் உதவியை நாடியது. 2011 பிப்ரவரியில் முடிவு வெளிவந்தது. மிதியின் சென்சர் ஒன்றுக்குள் வெள்ளீயத்திலிருந்து முடியை விட மெல்லிய இழை வளர்ந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். ஆயினும் கார் கட்டுக்கடங்காமல் பாய்வதற்கு எலக்ட்ரானிக் அமைப்பு காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மிதியில் சிக்கிக்கொள்ளும் தரை விரிப்பும், அழுத்தினால் எளிதில் திரும்பாத மிதியும் அந்தக் கார்கள் திரும்பப் பெறப்பட்டதற்கான காரணங்களாக இருந்தன. ஊர் முழுவதும் ஒன்றைக் குற்றவாளி என்று சொன்னாலும் அளந்து பார்த்த பிறகே தீர்ப்பு எழுத வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

புதிய கார்களில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மின்மோட்டார் உள்ள திராட்டல் தகட்டை, சாவி 'ஆன்' நிலையில் இருக்கும்போது விரலால் தள்ளிப் பார்க்கக் கூடாது. மோட்டார் திடீரென்று இயங்கினால் விரல் நசுங்கும். அடுத்து, இப்போதைய சென்சர்கள் பலவற்றில் உராயும் தடமே இல்லை. காந்தத்தின் அசைவை உணரும் சில்லு மட்டுமே இருக்கிறது. அவற்றில் ஓம் அளவு எடுப்பது பயன் தராது, சில்லைக் கெடுக்கவும் கூடும். இந்த வகையில் சென்சர் பழுதானால் பெரும்பாலும் திராட்டல் பெட்டியையே முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலை அதிகம். அதனால்தான் இங்கே அளந்து பார்ப்பது முன்பை விடவும் அவசியமாகிறது.

பலருக்கும் எழும் ஐயங்கள்

சென்சரின் திருகாணியைத் தளர்த்தித் திருப்பி வைத்தால் சரியாகிவிடாதா? சில பழைய வண்டிகளில் சென்சரின் திருகாணித் துளை நீளமாக இருக்கும். அதன் நிலையைச் சரிசெய்வதற்கான ஏற்பாடு அது. ஆனால் மீட்டரில் பார்த்துக்கொண்டே, அந்த வண்டிக்குரிய அளவுக்கு வைக்க வேண்டும். தேய்ந்துபோன தடத்தைத் திருப்பி வைத்துக் குணப்படுத்த முடியாது. மோட்டார் சைக்கிள்களுக்கும் இது பொருந்தும். பெட்ரோலைப் பீய்ச்சும் முறையில் இயங்கும் மோட்டார் சைக்கிள்களிலும் இதே சென்சர் இருக்கிறது. நின்ற இடத்தில் ஓட்டத்தைக் கூட்டுவதற்காக அதன் திருகாணியைக் கைபோன போக்கில் திருப்பினால் புதிய கோளாறுதான் வந்து சேரும்.

பழைய உதிரிபாகக் கடையில் வாங்கி மாட்டலாமா? வாங்கலாம். ஆனால் அந்தச் சென்சரும் வேறொரு வண்டியில் தேய்ந்து வந்ததுதான். மாட்டும் முன் மீட்டரில் அளந்து, தடம் முழுவதும் சீராக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மாற்றிய பிறகும் கார் தள்ளாடுகிறதே? பேட்டரி இணைப்பைக் கழற்றினாலோ திராட்டல் பெட்டியைச் சுத்தம் செய்தாலோ, பல கார்களில் கணினி மூடிய நிலையை மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான முறை காருக்குக் கார் மாறும். அதைச் செய்யாமல் விட்டால் சில நாள் தள்ளாட்டம் இருக்கும். இதைப் புதிய பழுது என்று எண்ணி இன்னொரு பாகத்தை மாற்றிவிடக் கூடாது.

ஓடும்போது கோளாறு வந்தால் என்ன செய்வது? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே தடம் மாறும்போது கார் தயங்கினால், அந்த ஒரு கணம் உயிருக்கே உலையாகலாம். தயக்கம் தொடர்ந்து வரும் காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகாமல் இருப்பதே அறிவு. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறினால், பிரேக்கை உறுதியாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு அவசரத் தடத்தில் ஒதுங்க வேண்டும். ஓடும்போதே சாவியை அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துப் போகும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் விரைவில் குறைந்துவிடும். நின்ற பிறகு அணைப்பதே பாதுகாப்பு.

பயனீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி

எல்லோராலும் மீட்டரைக் கையில் எடுத்துச் சோதிக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. பட்டறையில் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: "அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?" முறையாக வேலை செய்யும் மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். எண்ணைச் சொல்வார், திரையைக் காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், என்ன வேலை செய்யப்பட்டது என்று எழுதிய ரசீதைப் பெறுவதும் நல்ல பழக்கம். நம் இன இளைஞர்கள் பலர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஊகித்து மாற்றுவதை விட அளந்து மாற்றுவதால் அவர்களுக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கை கிடைக்கிறது. திரும்பத் திரும்ப வரும் புகாரும் குறைகிறது.

பேசித் தீராத பிரச்சினைக்குச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும். அதே சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அங்கே போனாலும் கையில் ரசீதும் பழைய பாகமும் இருந்தால்தான் பேச்சுக்கு வலு இருக்கும்.

தீப்பெட்டி அளவுள்ள ஒரு சென்சர், மூன்று கம்பிகள், 5 வோல்ட் மின்சாரம். விஷயம் இவ்வளவுதான். மீட்டர் காட்டும் எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகு பணத்தை எடுத்துக் கொடுங்கள். அடுத்த நாள் விடியற்காலையில் பாலத்து வரிசையில் நிற்கும்போது, காரைப் பற்றிய கவலையாவது இருக்காது.